ஈசான மூலை இறுகுமுன்

அத்தியாயம் 17

போன கிழமை உதயகலாவை ஆஸ்பத்திரிப் படியில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். உள்ளே அப்பா சோமசேகரம் அவளிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். வெளியே தம்பியும் தங்கையும் "அப்பா என்ன சொன்னவர்?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் மூச்சு விடவில்லை. உதயகலாவின் குணம் அப்படி. அந்தக் குடும்பத்தில் எந்த முடிவையும் அவள்தான் எடுப்பாள். எடுத்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும்.

கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர் அல்லவா! அக்காவுக்கு அரிசி மூட்டையும் ஒன்றுதான், ஆட்களும் ஒன்றுதான் என்று தம்பி கேதீஸ்வரன் பகிடி பண்ணுவான். கட்டாரில் இருந்து கணவன் போன் எடுத்து ஏதாவது கேட்டாலும் "அது நான் பாத்துக்கொள்ளுறன்" என்பதுதான் பதில்.

அப்பா சொன்னது இதுதான்:

"நான் கண்ணை மூடினன் எண்டால், வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியுமட்டும் ஒருத்தரும் அந்தக் காணியிலை நல்ல காரியம் செய்யமாட்டியள். அதுக்கிடையிலை மாரி வந்திடும். வெட்டின கிடங்கு இடிஞ்சு, மிஞ்சிக் கிடக்கிற நிலமும் பள்ளத்துக்கை போயிடும். அத்திவாரம் எனக்கு முந்தவேணும், பிள்ளை. ஈசான மூலை அம்மாவின்ரை கையாலை. சொல்லு, செய்விப்பியோ?"

"ஓம் அப்பா," என்று அவள் அவருடைய கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் சரிவில் வீடு கட்டுகிறார்கள் என்றால் கேட்பவர் சிரிப்பார். தேங்காயை உருட்டிவிட்டாலும் விட்ட இடத்திலேயே கிடக்கிற ஊர் இது. கீரிமலைக்குப் போகிற வழியில் இருந்த அவர்களுடைய காணியும் ஒரு காலம் அப்படித் தட்டையாகத்தான் கிடந்தது. சண்டைக்குள் ஊரை விட்டு வந்து, சண்டிலிப்பாயில் வாடகை வீட்டில் பிள்ளைகளை வளர்த்துக் கலியாணமும் முடித்துக் கொடுத்து, ஆமியிடம் இருந்து காணி விடுபட்டது என்று கேள்விப்பட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது அங்கே வீடு இருக்கவில்லை. அதை எதிர்பார்த்துத்தான் போனார்கள். பாதி நிலமும் இருக்கவில்லை. அதை எதிர்பார்க்கவில்லை. யார் எப்போது வந்து அகழ்ந்தார்களோ, சுண்ணாம்புக்கல்லை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். றோட்டுக் கரையில் தொடங்குகிற நிலம் பின்பக்கம் போகப் போகச் சரிந்து ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கியது.

விற்றுவிட்டு வேறு இடம் பாருங்கள் என்று சொந்தக்காரர் எல்லாரும் சொன்னார்கள். சோமசேகரம் கேட்கிற ஆளா? "நுவரெலியா மலையிலை கட்டுறாங்கள், இஞ்சை கட்ட ஏலாதோ?" என்றார். அன்று முதல் அந்த வீட்டுக்கு நுவரெலியா பங்களா என்று பெயர் வந்துவிட்டது. பங்களாவுக்குக் கிடங்கு வெட்டி முடிவதற்குள் அவர் படுக்கையில் விழுந்துவிட்டார்.

ஆவணி மாதத்தின் அந்த நல்ல நாளில், வெயில் ஏறுவதற்கு முன்பே கொங்கிறீற் போடத் தொடங்கிவிட்டார்கள்.

சரிவில் அத்திவாரக் கிடங்கை ஒரே மட்டத்தில் வெட்ட முடியாது. படிக்கட்டுப் போல வெட்டி, படிக்குப் படி கம்பி கட்டியிருந்தார்கள். கலவை மெசின் மேலே றோட்டோரம் நின்றது. வேலையாட்கள் தாச்சி தாச்சியாகக் கலவையை ஏந்திக்கொண்டு கீழே இறங்கினார்கள். அடிப்படியில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் றோட்டுப் பக்கத்து ஈசான மூலையில் வந்து முடிக்க வேண்டும். இடையில் நிறுத்தக்கூடாது.

மேசன் அடைக்கலநாதன் மேலுக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினார். கேதீஸ்வரன் தன்னுடைய ஓட்டோவை றோட்டில் விட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையாட்களோடு தாச்சி தூக்கினான். பொறியியலாளர் நிவேதனா தன் சாமான்களோடு ஒரு பலகையில் இருந்தாள். ஆள் சின்னப் பெண்தான். குரல் மட்டும் தலைமை ஆசிரியைக்குரியது.

அவளிடம் ஒரு இரும்புக் கூம்பு இருந்தது. மெசினில் இருந்து வருகிற கலவையை அதற்குள் நிரப்பி, கம்பியால் குத்தி, கூம்பை மெல்ல மேலே உருவுவாள். கலவை நிமிர்ந்து நின்று கொஞ்சம் அமர்ந்தால் தலையை ஆட்டுவாள். கஞ்சி போலப் பரந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் சதுரமான இரும்பு அச்சுகளும் இருந்தன. அவற்றுக்குள்ளும் கொஞ்சம் கலவையை நிரப்பி வைத்தாள். அது கட்டியாக இறுகிய பிறகு இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பார்களாம்.

"உதென்ன பிள்ளை, பிட்டுக்கு மாக் குழைக்கிற பதம் பாக்கிறாயோ?" என்று கேட்டாள் அம்மா இராசமலர்.

"ஓம் அம்மா. பதம் பிழைச்சால் பிட்டைக் கொட்டலாம். வீட்டைக் கொட்ட ஏலாது."

இராசமலர் கைகொட்டிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டது. அரக்குக் கரைச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், கொண்டையில் ஒரு துண்டு கனகாம்பரம். புருசன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறபோது பூ என்னத்துக்கு என்று அவள் மறுத்தும், சோமசேகரமே முதல்நாள் பின்னேரம் "நாளைக்கு வடிவா உடுத்துக்கொண்டு போ" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அடிப்படி முடிந்து நடுப்படியில் பாதி போட்டுக்கொண்டிருந்தார்கள். உதயகலாவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவோடு நிற்கிற தங்கை பிரதீபா. உதயகலா போனை எடுத்துக்கொண்டு சீமெந்துக் கொட்டிலுக்குப் பின்னால் போனாள்.

"அக்கா..."

"என்னடி?"

"அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார், அக்கா."

உதயகலா கொட்டிலின் மரக் கப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி கேட்டவர். எடுக்கத் திரும்பினனான். அவ்வளவுதான் அக்கா. கேதீஸ் அண்ணைக்கு அடிச்சுப் பாத்தனான், எடுக்கிறாரில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கெதியா வாங்கோ."

கொட்டிலின் ஓரத்தால் பார்த்தால் சரிவு முழுவதும் தெரிந்தது. நடுப்படியில் ஈரமாகப் பாதி, வெறும் கம்பியாக மீதி. அம்மா வேலையாட்களுக்குப் பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரோ ஏதோ சொல்ல, அதற்கும் சிரித்தாள்.

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெசின் நிற்கும். தாச்சிகள் கீழே விழும். அதற்குப் பிறகு இந்த நிலத்தில் ஒருவரும் காலடி வைக்கமாட்டார்கள். அப்பா பயந்தது அப்படியே நடக்கும்.

"பிரதீபா, நான் சொல்லுறதைக் கேள். ஒருத்தருக்கும் சொல்லாதை. அண்ணைக்கு இனி அடிக்காதை."

"என்ன கதை கதைக்கிறாய், அக்கா?"

"அப்பா என்னட்டை வாக்கு வாங்கினவர். அத்திவாரம் முடியவேணுமாம். ஆஸ்பத்திரியிலை கடுதாசி அலுவலெல்லாம் முடியப் பின்னேரமாகும். அதுக்குள்ளை வந்திடுவம்."

"நான் இஞ்சை தனிய அவருக்குப் பக்கத்திலை இருக்கிறன்!"

"தெரியும், ராசாத்தி. கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்."

மறுமுனையில் பிரதீபா விம்மினாள். பிறகு போன் நின்றுவிட்டது.

உதயகலாவுக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனால் அவள் அழவில்லை. றோட்டுக்கு ஏறினாள். கேதீஸ்வரன் கலவை படும் என்று போனை ஓட்டோவுக்குள் வைத்துவிட்டு இறங்கியிருந்தான். அதை எடுத்து, நிறுத்தி, இருந்த இடத்திலேயே வைத்தாள். தான் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

சாவுத் துடக்கு என்பது கேள்விப்பட்ட நேரம் முதல்தானே? அம்மா கேள்விப்படவில்லை. தம்பியும் கேள்விப்படவில்லை. இங்கே கேள்விப்பட்டவள் நான் ஒருத்திதான், நான் சடங்குச் சாமான் எதையும் தொடாமல் நிற்கிறேன், என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னாள்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. நிவேதனாவிடம் போனாள்.

"பிள்ளை, ஒரு கதைக்குக் கேக்கிறன். இப்ப இதிலை நிப்பாட்டிப் போட்டு, மிச்சத்தைப் பேந்து போட்டால் என்ன?"

"பாதிப் படியிலை நிக்குது, அன்ரி. இது இறுகினாப்பிறகு மேலை புதுக் கலவை போட்டால் பழசோடை சரியா ஒட்டாது. சமதரையெண்டால் பரவாயில்லை. சரிவிலை ஒட்டாத இடம் இருந்தால் ஒருநாளைக்கு மேற்பாதி வழுக்கிக்கொண்டு வரும். நிப்பாட்டுறதெண்டால், போட்ட இந்தப் படியை உடைச்சுத்தான் எடுக்கவேணும்." நிவேதனா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் அன்ரி, முகம் ஒருமாதிரிக் கிடக்கு?"

"வெயில்," என்றாள் உதயகலா.

வெயில் ஏறத்தான் செய்தது. கலவை தாச்சியிலேயே வறளத் தொடங்கியது. மெசினடியில் நின்ற ஒருவர், இலேசாகப் போடலாம் என்று நினைத்து, யாரையும் கேட்காமல் ஒரு வாளித் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டார். நிவேதனா கூம்பை உருவினாள். கலவை நிற்கவில்லை. நாலா பக்கமும் பரந்து பலகையால் வழிந்தது.

"இது வேண்டாம். கொட்டுங்கோ. புதுசாக் குழைக்கவேணும்."

அடைக்கலநாதனுக்குச் சரியான கோபம். "ஒரு மெசின் கலவைதானே, பிள்ளை? மற்றதோடை சேந்து சரியாப் போடும். இனிக் கழுவி, அளந்து போட்டு, குழைச்சு எடுக்கக் கன நேரம் போகும்."

"நேரம் போனால் போகட்டும்."

இரண்டு பேரும் திரும்பி உதயகலாவைப் பார்த்தார்கள். முடிவு சொல்கிறவள் அவள்தானே.

கன நேரம். அந்தக் கன நேரமும் அப்பா அங்கே வெள்ளைத் துணிக்குக் கீழே கிடப்பார். பிரதீபா கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். "சரி, பரவாயில்லை, போடுங்கோ" என்று சொல்லிவிட்டால் எல்லாம் கெதியாக முடிந்துவிடும். அந்த வார்த்தை அவளுடைய வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இந்த அத்திவாரத்துக்காகத்தானே அவள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள்? அதிலேயே ஓட்டை விழுந்தால் பிறகு எதற்காக இதெல்லாம்?

"கொட்டுங்கோ, அண்ணை," என்றாள்.

அடைக்கலநாதன் அவளை உற்றுப் பார்த்தார். "என்ன தங்கச்சி, அழுறியளோ?"

"சீமெந்துத் தூள் கண்ணுக்கை போட்டுது."

"கசக்காதையுங்கோ. பவுசர்த் தண்ணியிலை கழுவுங்கோ."

தண்ணீர் கொண்டுவந்த பவுசர் வண்டியின் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்தபோது, அந்தத் தண்ணீரோடு தண்ணீராக அவள் கொஞ்சம் அழுதாள். யாரும் கவனிக்கவில்லை. கொட்டின கலவைக்குப் பதிலாக நல்ல கலவை வந்தது. கூம்பை உருவியபோது அது நிமிர்ந்து நின்றது. நடுப்படி முடிந்தது. அடுத்த படிக்கு ஏறினார்கள்.

ஒரு வழியாக ஈசான மூலை வந்தது.

அடைக்கலநாதன் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். ஆனாலும் எத்தனையோ சைவ வீடுகள் கட்டின கை அது. வேலையாட்களை விலக்கிவிட்டு, "அம்மா வாங்கோ, உங்கடை சடங்கை முடியுங்கோ," என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

இராசமலர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். கிடங்கின் விளிம்பில் கேதீஸ்வரன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"உதயா, அந்தப் பட்டுத்துணிப் பொதியை எடுத்துத் தா."

உதயகலா அசையவில்லை. "என்ரை கையெல்லாம் சீமெந்து, அம்மா. தம்பி எடுத்துத் தரட்டும்."

கேதீஸ்வரன் எடுத்துக் கொடுத்தான். இராசமலர் பொதியை அவிழ்த்துப் பார்த்தாள். நவதானியம் இருந்தது. மற்ற உலோகத் துண்டுகளும் இருந்தன. அவற்றோடு வைக்க வேண்டிய சிறு பொன்பொட்டு மட்டும் இல்லை.

"பிரதீபாவின்ரை பாக்கிலை வைச்சனான்! அவள் அதைக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போட்டாள்," என்று இராசமலர் தலையில் கைவைத்தாள்.

"இதுக்கேன் யோசிக்கிறியள்? நான் ஓட்டோவிலை ஒரு ஓட்டம் ஓடிக்கொண்டு வாறன். அப்பாவையும் ஒருக்காப் பாத்த மாதிரி இருக்கும்," என்று கேதீஸ்வரன் கிளம்பினான்.

"வேண்டாம்!"

உதயகலா போட்ட சத்தத்தில் மெசினடியில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் அக்கா கத்துறாய்?"

"கலவை... கலவை இறுகிப் போடும். நிக்க நேரமில்லை."

"ஓமடா, நீ ஏன் ஓடுவான்?" என்றாள் இராசமலர். "பொன் என்னட்டைக் கிடக்குத்தானே."

இரண்டு கையையும் தூக்கி, மூக்குத்தியின் திருகைக் கழற்றத் தொடங்கினாள். பழைய திருகு. இலேசில் வரவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு திருகினாள். உதயகலா பார்த்துக்கொண்டு நின்றாள். கணவன் இறந்த செய்தி தெரியாமலே தன் மூக்குத்தியைத் தானே கழற்றுகிற தாயை எந்த மகளும் பார்க்கக்கூடாது.

"கலியாணம் முடிச்ச வருசம் அந்த மனுசன் வாங்கித் தந்தது," என்று இராசமலர் அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "அவரின்ரை வீட்டுக்குக் கீழை கிடக்கட்டுமன். குடிபூருறதுக்குப் புதுசு ஒண்டு வாங்கித் தராமல் விட்டுடுவரோ?"

எல்லாரும் சிரித்தார்கள். மூக்குத்தியும் பொதியும் மூலைக்குள் போயின. இராசமலர் பாலை ஊற்றினாள். முதல் தாச்சிக் கலவையைத் தன் கையாலேயே சரித்தாள். பிறகு வேலையாட்கள் மளமளவென்று நிரப்பினார்கள். அடைக்கலநாதன் மட்டப்பலகையால் இழுத்து விட்டார்.

மெசின் நின்றது. இவ்வளவு நேரமும் அதன் சத்தத்துக்குள் கேட்காத காகங்கள் இப்போது கேட்டன.

இராசமலர் பவுசரடியில் கால் கையைக் கழுவினாள். "வா உதயா, தம்பி, வாங்கோ போவம். அந்த மனுசனுக்குச் சொன்னால்தான் எனக்கு ஆறும். ஈசான மூலை கோணியிருக்கோ எண்டுதான் முதல் கேப்பர் பாரன்."

இனிச் சொல்லாமல் விட முடியாது. உதயகலா அம்மாவின் ஈரக் கைகளைப் பிடித்தாள்.

"அம்மா. அப்பா இல்லை."

"எங்கை இல்லை?"

"அப்பா மோசம் போட்டார், அம்மா."

இராசமலர் அழவில்லை. மகளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப?"

"காலமை. நடுப்படி போடேக்கை பிரதீபா போன் எடுத்தவள்."

"காலமை," என்று இராசமலர் திருப்பிச் சொன்னாள். "அப்ப உனக்குத் தெரியும்."

"அப்பாதான் அம்மா கேட்டவர். அத்திவாரம் தனக்கு முந்தவேணும் எண்டு என்னட்டை வாக்கு வாங்கினவர். நான் ஒண்டையும் தொடேல்லை. கேள்விப்பட்டால்தானே அம்மா துடக்கு? உங்களுக்குத் தெரியாது எண்டபடியால் அந்த மூலைக்கு ஒரு குறையுமில்லை..."

"துடக்கோ?" இராசமலரின் குரல் உயரவில்லை. அதுதான் உதயகலாவுக்குப் பயமாக இருந்தது. "ஆரடி இப்ப துடக்கைப் பற்றிக் கேட்டது? அந்த மனுசன் அங்கை கிடக்கேக்கை நான் இஞ்சை பகிடி விட்டுக்கொண்டு நிண்டனான். மூக்குத்தியைக் கழட்டிக் காட்டிச் சிரிச்சனான். நீ பாத்துக்கொண்டு நிண்டனி. காலமை சொல்லியிருந்தால் ஓடிப்போயிருப்பன். சூடு ஆறமுதல் அவரின்ரை கையைப் பிடிச்சிருப்பன். இப்ப போனால் எனக்கு என்ன கிடக்கு அங்கை? சொல்லு. நீ எனக்கு என்ன மிச்சம் வைச்சிருக்கிறாய்?"

உதயகலா அம்மாவின் கைகளை விட்டாள்.

கேதீஸ்வரன் ஓட்டோவுக்கு ஓடிப் போனை எடுத்துப் பார்த்தான்.

"என்ரை போனை ஆர் நிப்பாட்டினது?"

"நான்தான், தம்பி."

"நான்தானே அவருக்கு ஒரே ஒரு பெடியன்? எனக்குச் சொல்ல வேண்டாமோ? கொள்ளி வைக்கிறதுக்கு மட்டும் கூப்பிடுவம் எண்டு நினைச்சனியோ?" அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். மண்ணில் கிடந்த இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு ஈசான மூலையை நோக்கிப் போனான். அடைக்கலநாதன் குறுக்கே நின்று அவனைக் கட்டிப் பிடித்தார்.

"தம்பி, வேண்டாம். இப்ப வேண்டாம்."

"விடுங்கோ அண்ணை! எங்கடை அப்பாவின்ரை பிரேதத்துக்கு மேலை போட்ட கொங்கிறீற் இது!"

"கேதீஸ், அதைப் போட்டுட்டு வா," என்றாள் இராசமலர். "எனக்கு அவரைப் பாக்கவேணும்."

அலவாங்கு கீழே விழுந்தது. கேதீஸ்வரன் அக்காவுக்குக் கிட்ட வந்தான். கண்ணீர் வழிந்த முகத்தைத் துடைக்கவும் இல்லை.

"செத்தவீடு முடிய வருவன். வந்து அந்த மூலையை என்ரை கையாலை உடைப்பன். அதுக்குள்ளை எவ்வளவு இறுகுமோ இறுகட்டும்."

இராசமலர் ஓட்டோவில் ஏறினாள். உதயகலாவும் பின்னால் போய்க் கம்பியில் கைவைத்தாள்.

"நீ வராதை," என்றாள் இராசமலர்.

"அம்மா, அவர் எனக்கும் அப்பா."

"ஓம். நீ அவருக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்திப் போட்டாய். உனக்கும் அவருக்கும் உள்ள அலுவல் முடிஞ்சுது. இனிக் கிடக்கிறது என்ரை அலுவல்."

ஓட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு மருதனார்மடப் பக்கமாகப் போய்விட்டது. கனகாம்பரத் துண்டு றோட்டோரத்தில் விழுந்து கிடந்தது. அம்மா அதைத் தானே பிடுங்கி எறிந்திருக்க வேண்டும்.

வேலையாட்கள் சத்தமில்லாமல் சாமான்களைக் கழுவினார்கள். நிவேதனா வந்து பக்கத்தில் நின்றாள். இப்போது அவளுடைய குரலில் தலைமை ஆசிரியை இல்லை.

"அன்ரி, ஈரச் சாக்குப் போட்டு மூடவேணும். அதை நாங்கள் பாப்பம். நான் உங்களை மோட்டச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போறன், வாங்கோ."

"எங்கை போறது?" என்று கேட்டாள் உதயகலா. கேட்டபோதே அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்தது. "அப்பா... அப்பா..." என்று சீமெந்துப் பைகளுக்கு நடுவே மண்ணில் இருந்து அழுதாள். சங்கக்கடை முகாமையாளர் அழுது அந்த ஊர் பார்த்ததில்லை. அடைக்கலநாதன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

போன் அடித்தது. பிரதீபா.

"அக்கா, அம்மாவும் அண்ணையும் வந்திட்டினம். அம்மா ஒருத்தரோடையும் கதைக்கிறாவில்லை. அப்பாவின்ரை காலடியிலை இருக்கிறா. நீ எங்கை? வீட்டை கொண்டுபோய்க் குளிப்பாட்டுற நேரம் மூத்த பிள்ளை நிக்கவேணும் எண்டு சின்னம்மா சொல்லுறா. வாறாய்தானே?"

உதயகலா கண்ணைத் துடைத்தாள். வாழ்க்கையில் ஒருவரிடமும் அனுமதி கேட்டறியாதவள் அவள். மெல்லச் சொன்னாள்:

"எனக்குத் தெரியேல்லை, பிரதீபா. அம்மாவைக் கேட்டுச் சொல்லு."